இத்தாலியின் வெண்சாலைகள்

பேரரசர்கள் அமைத்த சாலைகளுக்கு வரலாற்றில் இடம் எளிதில் கிடைத்துவிடுகிறது. உழவனும் ஆயனும் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகளுக்கு அது கிடைப்பதில்லை. இத்தாலி என்றதும் கி.மு. 312-இல் தொடங்கப்பெற்ற ஆப்பியன் சாலையும், அதனையொத்த ரோமானியப் பெருவழிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அந்நாட்டின் மலைகளிலும் நாட்டுப்புறங்களிலும் தார் காணாத சரளைச் சாலைகள் பல இன்னும் உள்ளன. அவற்றை யார் அமைத்தார்கள், அவை எவ்வாறு வெறிச்சோடின, எவ்வாறு மீண்டும் உயிர் பெற்றன என்பதை இங்கே காண்போம்.

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ளது டஸ்கனி. அங்கே சியனா நகரைச் சூழ்ந்த குன்றுகளில், திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் இடையே வெண்ணிறச் சாலைகள் வளைந்து செல்கின்றன. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பியதால் வந்த நிறம் அது. மக்கள் அவற்றை 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெண்சாலைகள் என்றே அழைக்கின்றனர்.

இச்சாலைகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாக டஸ்கனியில் வாரச் சாகுபடி முறை நிலவியது. நிலமும் வீடும் நிலக்கிழாருடையவை, உழைப்பு குடியானவனுடையது, விளைவில் இருவருக்கும் பாதிப் பாதி. நம் நாட்டு வாரக்குடிகளின் வாழ்வை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் உழவர் பெரும்பாலும் ஊராகக் கூடி வாழ்ந்தனர். டஸ்கனியின் வாரக்குடியோ தான் உழும் நிலத்தின் நடுவிலேயே, தனி வீட்டில், பெருங்குடும்பமாக வாழ்ந்தான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாவரைக்கும் ஆலைக்கும், கோயிலுக்கும், கிழாரின் களஞ்சியத்துக்கும் ஒரு பாதை வேண்டியிருந்தது. எருது பூட்டிய வண்டிகள் சென்ற அப்பாதைகளே வெண்சாலைகளாயின.

சரளைச் சாலை, தன்னைப் பேணுவோர் இருக்கும் வரையில்தான் சாலையாக இருக்கும். அதன் நடுப்பகுதி சற்றே உயர்ந்திருக்க வேண்டும். இருபுறமும் வடிகால் தூர்ந்து போகாமல் இருக்க வேண்டும். மழை அரித்த இடத்தில் மீண்டும் கல்லிட வேண்டும். பேணுவோர் அகன்றால் மழைநீரே அதனை ஓடையாக்கிவிடும்.

மலைப் பாதைகளின் கதை வேறு. அப்ருஸ்ஸோ மலைகளில் கோடையைக் கழித்த ஆட்டு மந்தைகள், குளிர் காலத்தில் தெற்கே அபூலியாச் சமவெளிக்கு இறங்கும். அவை செல்வதற்கென்று புல்வழிகள் இருந்தன. லாக்குயிலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை செல்லும் பெருவழி 244 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் அகலம் ஏறத்தாழ 111 மீட்டர். 1447-இல் நேப்பிள்ஸ் மன்னர் அல்போன்சோ இம்மந்தைகளின் போக்குவரத்தை முறைப்படுத்தி, ஆடுகளின் மீது வரி தண்டத் தனி அலுவலகமே நிறுவினார். ஆண்டுதோறும் மந்தைகளை இவ்வாறு ஓட்டிச் செல்லும் வழக்கத்தை 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

வடக்கே ஆல்ப்ஸ் மலையில் பாதை அமைத்தவர்கள் படைவீரர்கள். பிரான்சின் எல்லையை அடுத்த ஃபினெஸ்த்ரே கணவாய் 2,170 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஃபெனெஸ்த்ரெல்லேக் கோட்டையின் தேவைக்காக அங்கே அமைக்கப்பட்ட சாலையில், உச்சியை நெருங்கும் கடைசி எட்டுக் கிலோமீட்டர் இன்றும் சரளைதான். முதல் உலகப் போரின்போது, 1917-இல், பசூபியோ மலையில் இத்தாலியப் படையினர் பாறையைக் குடைந்து 52 சுரங்கங்கள் கொண்ட பாதை ஒன்றை ஒரே ஆண்டில் முடித்தனர். பீரங்கிக் குண்டுகளுக்கு மறைவாகக் கோவேறு கழுதைகளில் உணவு கொண்டுசெல்ல அது வேண்டியிருந்தது. அப்பாதையில் இன்று நடந்து செல்லலாம், சைக்கிளுக்கு அனுமதியில்லை.

இத்தகைய நாட்டில் 1909 மே 13 அன்று மிலான் நகரிலிருந்து 'ஜீரோ தித்தாலியா' என்னும் சைக்கிள் பந்தயம் முதன்முதலாகப் புறப்பட்டது. அன்று போட்டியாளர்கள் சென்ற வழி பெரும்பாலும் புழுதியும் கல்லுமே. சைக்கிள் வீரர் பலர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுள் ப்ளோரன்சை அடுத்த சிற்றூரில் 1914-இல் பிறந்த ஜீனோ பார்த்தாலியும், பீட்மான்ட்டில் 1919-இல் பிறந்த பௌஸ்தோ கோப்பியும் நாடே இரு கட்சியாகப் பிரிந்து போற்றும் அளவுக்குப் புகழ் பெற்றனர்.

பார்த்தாலியின் பெருமை பந்தயத்தோடு முடியவில்லை. 1943, 1944 ஆண்டுகளில் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்திருந்தபோது, யூதர்களைக் காப்பதற்கான போலி அடையாளத் தாள்களைத் தம் சைக்கிளின் குழாய்க்குள் மறைத்து ப்ளோரன்சுக்கும் அசீசிக்கும் இடையே அவர் கொண்டுசென்றார். வழிமறித்த காவலர்களுக்கு அது ஒரு வீரரின் அன்றாடப் பயிற்சியாகவே தோன்றியது. அவர் இதனைப் பறைசாற்றிக்கொள்ளவில்லை. 2000-இல் அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது.

அதே போரில் இத்தாலியப் பாதைகளுக்கும் தமிழருக்கும் ஓர் உறவு ஏற்பட்டது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர் அங்கே பாலம் கட்டினர்; சாலை செப்பனிட்டனர்; புதைத்து வைத்த கண்ணிகளை அகற்றினர். 1944 பிப்ரவரி 24 அன்று கசீனோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்ற இடத்தில், கண்ணி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார் சுபேதார் சுப்பிரமணியன். குழுவில் ஒருவரால் கண்ணி ஒன்று தூண்டப்பட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. அவர் அதன்மீது பாய்ந்து தம் உடலால் மூடிக்கொண்டார். உடன் வந்தவர்கள் பிழைத்தனர், அவர் மாண்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. பாதை என்பது சில வேளைகளில் இவ்வளவு விலை கொடுத்துத் திறக்கப்படுவது.

போர் முடிந்தது. ஆனால் வெண்சாலைகளை வெறுமையாக்கியது போரன்று, அமைதிக் காலமே. மிலானிலும் துரினிலும் தொழிற்சாலைகள் பெருகின. பாதி விளைவுக்காக முழு ஆண்டும் உழைத்த குடும்பங்களின் இளைஞர்கள், மாதச் சம்பளத்தை நாடி ஊரை விட்டு வெளியேறினர். இம்மாற்றத்துக்கு அடையாளம் போல 1964-இல் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பர் 15 அன்று புதிய வார ஒப்பந்தங்களைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அக்டோபர் 4 அன்று மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை செல்லும் விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. பழைய பாதையின் மக்கள் விடுதலை பெற்ற அதே இலையுதிர் காலத்தில் புதிய சாலையும் தயாராக இருந்தது. குன்றுகளில் வீடுகள் பூட்டிக் கிடந்தன, வடிகால்கள் தூர்ந்தன. வண்டிப் போக்குவரத்து எஞ்சிய இடங்களில் தார் வந்தது. தார் வந்ததில் ஊராருக்குக் குறையில்லை. புழுதியையும் சேற்றையும் யார்தான் விரும்புவர்?

இவ்வாறு மறைந்துகொண்டிருந்த சாலைகளுக்குச் சைக்கிளே துணையாக வந்தது. 1997-இல் ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர், கியாந்திப் பகுதியின் கையோலே என்ற சிற்றூரில் 'லேரோயிக்கா' என்னும் பயணத்தைத் தொடங்கினார். 'வீரம் செறிந்தது' என்பது அதன் பொருள். பழைய காலத்துச் சைக்கிளில், பழைய காலத்து உடையில், வெண்சாலைகளில் செல்ல வேண்டும். 1987-க்கு முற்பட்ட வண்டியாக இருத்தல் வேண்டும் என்பது விதி. முதல் ஆண்டில் வந்தவர் 92 பேர். பின்னர் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். எஞ்சிய வெண்சாலைகளைத் தாரிலிருந்து காப்பதே இதன் நோக்கம். 2007-இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் இதே சாலைகளில் பிறந்தது. இன்று 'ஸ்த்ராதே பியாங்கே' என்ற பெயரோடு அது சியனாவின் நடுச் சதுக்கத்தில் முடிகிறது. 2010-இல் ஜீரோ பந்தயம் மழையில் மொந்தல்ச்சீனோவை நோக்கி வெண்சாலையில் சென்றபோது, வீரர்கள் முகம் தெரியாமல் சேறு பூசி வந்து சேர்ந்த காட்சியை உலகம் கண்டது. தடித்த டயர் பூட்டிய சரளைச் சைக்கிள்கள் இப்போது அப்ருஸ்ஸோவின் ஆட்டுவழிகளையும் ஆல்ப்ஸின் படைவழிகளையும் தேடிச் செல்கின்றன.

இதனால் எல்லாம் மீண்டுவிட்டது என்று நாம் எண்ணிவிடலாகாது. குன்றின் மேலிருந்த குடியானவர் வீடுகள் பல விருந்தினர் விடுதிகளாயின. வெளிநாட்டார் பலர் வாங்கிக் குடியேறினர். பாதை பிழைத்தது; அப்பாதையை உண்டாக்கிய வாழ்க்கை திரும்பவில்லை. அது திரும்ப வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. பாதி விளைவைக் கிழாருக்கு அளந்துவிட்டு எஞ்சியதில் பிள்ளைகளை வளர்த்த தாயிடம், அந்த நாட்களின் அழகைப் பற்றி நாம் பேச முடியாது.

எனினும் சாலை எஞ்சியிருப்பதில் ஒரு பயன் உண்டு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். துரினில் பிறந்த பேரப்பிள்ளை ஒருநாள் சியனாவின் குன்றுக்கு வந்தால், பாட்டனார் எருதுவண்டி ஓட்டிய வழி இதுதான் என்று காலால் உணர ஒரு பாதை அங்கே இருக்கிறது. ஏட்டில் எழுதப்படாத மக்களின் வரலாறு அச்சரளையில் தங்கியிருக்கிறது. அது தங்குவதற்கு, யாராவது ஒருவர் வடிகாலைத் தூர் வாரிக்கொண்டும், மழை அரித்த இடத்தில் கல்லிட்டுக்கொண்டும் இருக்க வேண்டும்.