தேற்றாத்தீவு: ஒரு மரமும் ஒரு மன்றாட்டும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே வந்தால் மாங்காட்டுக்கு அடுத்த ஊர் தேற்றாத்தீவு. அதன்பின் களுதாவளை, பிறகு களுவாஞ்சிக்குடி. பேச்சில் அது தேத்தாத்தீவு. சைவர் பெரும்பான்மையாய் வாழும் இவ்வூரில்தான் புனித யூதா ததேயு திருத்தலம் இருக்கிறது. வேறு வழியெல்லாம் அடைபட்டவர்களுக்காகப் பரிந்து மன்றாடுபவர் என்று கத்தோலிக்கர் நம்பும் திருத்தூதர் அவர். நுண்கடன் தவணையை நினைத்து உறக்கம் கெட்டவர்களும், வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் தேடிவரக்கூடிய இடம். அப்படிப்பட்ட தலம் அமைந்த ஊருக்கு இந்தப் பெயர் வாய்த்திருக்கிறதே என்ற வியப்பே என்னைச் சொல்லின் பின்னால் போகவைத்தது.

பெயர் மரத்தால் வந்தது. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் மரப்பெயரோடு தீவு சேர்வது வழக்கம். புளியந்தீவும் மகிழடித்தீவும் அப்படிப்பட்டவையே. தேற்றா மரத்தின் கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்கள். கொட்டையிலிருந்து கரையும் பசைப்பொருள் மிதக்கும் மண்துகள்களை ஒன்றுசேர்க்க, அவை கனத்து அடியில் படியும். மேலே நீர் தெளியும். ‘தேறு’ என்றால் தெளி. ‘தேற்று’ என்றால் தெளியச் செய். நோயிலிருந்து தேறுவதும் மனம் தேறுவதும் இதே வேரிலிருந்துதான்.

நீரிலிருந்து மனத்துக்கு இந்தச் சொல் தாவியது பிற்காலத்தில் அல்ல. கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவால் சித்தம் கலங்கித் தெருவில் அழுது திரிந்த பெண்ணொருத்தி, காதலன் திரும்பி வந்ததும் தெளிகிறாள். அவள் தெளிவுக்குப் புலவர் காட்டும் உவமை, இம்மரத்தின் விதையால் தெளிந்த கலங்கல் நீர். மரத்துக்கு அங்கே வழங்கும் பெயர் ‘இல்லம்’. அறிவுரை கேட்டு அவள் தெளியவில்லை, ஆள் வந்ததால் தெளிந்தாள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தமிழில் விவிலியம் பெயர்த்தவர்களும் இந்த வேரிடம்தான் வந்தார்கள். யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு, தாம் போனபின் சீடரோடு இருக்க வருபவரை ‘பராக்கிலேத்தோஸ்’ என்கிறார். அருகே அழைக்கப்பட்டவர், வழக்கில் பக்கம் நிற்பவர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு அவரைத் ‘தேற்றரவாளன்’ ஆக்கியது. தேற்று என்பதோடு, கூட்டரவு, தோற்றரவு என்பவற்றில் உள்ள ‘அரவு’ சேர்ந்த ஆக்கம் அது. அதே கிரேக்கச் சொல் யோவானின் முதல் நிருபத்தில் வரும்போது ‘பரிந்து பேசுகிறவர்’ என்றாயிற்று. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘துணையாளர்’ என்கிறது. மூலத்துக்கு நெருக்கம் துணையாளர்தான். ஆனாலும் துக்க வீட்டில் எனக்குத் தேவைப்படுவது தேற்றரவாளன். கலங்கியவர் முன்னால் நிற்கிறார் என்பதை அந்தச் சொல் மறக்கவில்லை.

இலக்கணம் இங்கே ஒரு முரணையும் வைத்திருக்கிறது. ‘தேற்றா’ என்பதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவும் படிக்கலாம்; அப்போது தேற்றாத் தீவு, தேற்றாத தீவு ஆகிவிடும். ஊர்ப்பெயரின் வரலாறு அதுவல்ல. ஆயினும் இக்கரை கண்டவற்றை எண்ணும்போது அந்தப் பிழையான வாசிப்பையும் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. நீண்ட போர், 2004 டிசம்பர் 26இல் கடல். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்திருந்த பிள்ளைகளும் பலியானார்கள்.

அந்தப் பெற்றோரிடம் ‘தேறுங்கள்’ என்று ஏவலாகச் சொல்ல எந்த விசுவாசிக்கும் உரிமையில்லை என்பேன். எரேமியா 31ஆம் அதிகாரத்தில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள்; தேற்றினாலும் தேற மறுக்கிறாள். விசுவாசம் குறைந்தவள் என்று அவளை அங்கே எவரும் கண்டிக்கவில்லை. பெத்லகேமில் ஏரோது குழந்தைகளைக் கொன்றபோது மத்தேயு எடுத்தாள்வதும் அந்த அழுகையையே. கிறிஸ்து பிறப்பின் வரலாற்றுக்குள்ளேயே, இரண்டாம் அதிகாரத்தில், அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்.