கொரோனா கால மருத்துவ வதந்திகள்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது நோயின் தோற்றம், பரவும் விதம், மருந்து, தடுப்பூசி, இறந்தவர் உடல் ஆகியவை பற்றி வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப், ட்விட்டர் வழியாகப் பரவிய பொய்யும் அரைகுறை உண்மையும் கலந்த செய்திகளே கொரோனா கால மருத்துவ வதந்திகள். தெரியாமல் பகிரப்படும் பிழை, தெரிந்தே பரப்பப்படும் பொய் என்று ஆய்வாளர்கள் இவற்றை இரண்டாகப் பிரிப்பார்கள். குடும்பக் குழுவில் வந்து விழும் ஒரு செய்திக்கு இந்தப் பிரிவினை அவ்வளவாக உதவாது. முதலில் எழுதியவர் தெரிந்தே எழுதியிருப்பார்; அதை நமக்கு அனுப்பிய சித்தப்பா அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று பன்னாட்டு அவசரநிலையையும் மார்ச் 11 அன்று பெருந்தொற்றையும் அறிவித்தது. இரண்டுக்கும் நடுவில், பிப்ரவரி 15 அன்று மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் பேசிய அதன் தலைவர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயேசஸ், கொள்ளை நோயோடு கூடவே ‘இன்ஃபோடெமிக்’ ஒன்றோடும் போராட வேண்டியிருக்கிறது என்றார். சொல் அவருடையதல்ல. 2003இல் சார்ஸ் பரவியபோது டேவிட் ராத்கோஃப் வாஷிங்டன் போஸ்ட் கட்டுரை ஒன்றில் பயன்படுத்திய சொல் அது. பொய்களை மட்டும் அது குறிப்பதில்லை. நல்லதும் கெட்டதுமாகச் செய்திகள் வெள்ளமாக வந்து, எதைப் பிடித்துக் கரையேறுவது என்று தெரியாமல் ஆள் திணறும் நிலைக்கே அந்தப் பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெருந்தொற்றில் ‘வதந்தி’ என்று முத்திரை குத்தப்பட்ட முதல் செய்திகளுள் ஒன்று உண்மை. ஊஹானைச் சேர்ந்த கண் மருத்துவர் லி வென்லியாங், 2019 டிசம்பர் 30 அன்று தம் கல்லூரித் தோழர்களின் வீசாட் குழுவில், கடலுணவுச் சந்தையோடு தொடர்புடைய ஏழு பேருக்கு சார்ஸ் போன்ற நோய் வந்திருப்பதாக எழுதினார். சில நாட்களில் காவல் துறை அவரை அழைத்து, பொய் பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. அதே நோய் தொற்றி 2020 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்தார். கண்டனம் மார்ச் மாதம் திரும்பப் பெறப்பட்டது.

ஒரு ஃபார்வர்டைப் பிரித்துப் பார்த்தால்

2020 மார்ச் தொடக்கத்தில் யுனிசெஃப் பெயரில் ஒரு செய்தி பல மொழிகளில் உலகைச் சுற்றியது. வைரஸின் குறுக்களவு 400 முதல் 500 மைக்ரோ, ஆகவே எந்த முகக்கவசமும் அதைத் தடுத்துவிடும், 27 டிகிரி வெப்பத்தில் அது செத்துவிடும், வெந்நீர் குடிக்க வேண்டும், ஐஸ்கிரீம் கூடாது. தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யுனிசெஃப் மறுத்தது. மறுப்பு போய்ச் சேர்ந்த இடங்கள் குறைவு.

அந்தச் செய்தியின் கட்டுமானம் கவனிக்கத் தக்கது. ஒரு பெரிய பெயர், ஒரு துல்லியமான எண், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம், கடைசியில் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லும் வேண்டுகோள். எண்ணைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். கொரோனா வைரஸின் அளவு சுமார் 0.1 மைக்ரான், செய்தி சொன்னது அதைப்போல் நாலாயிரம், ஐயாயிரம் மடங்கு. 27 டிகிரி கதையை நம்ப நமக்கு இன்னும் குறைவான காரணமே இருந்தது. சென்னையில் மார்கழி மாதத்து நடுப்பகலே அந்த அளவை எட்டிவிடும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியான உச்ச நாள் 2021 மே 21, அதாவது அக்கினி நட்சத்திரத்தின் நடுவில்.

தமிழில் சுற்றியவற்றில் குரல் பதிவுகளுக்குத் தனி இடம் உண்டு. பெயர் சொல்லாத ஒரு டாக்டர், பின்னணியில் ஆஸ்பத்திரி இரைச்சல், தணிந்த குரல். எழுத்தில் வந்தால் சந்தேகப்படுகிறவர்களும் குரலில் வந்தால் நம்பினார்கள். பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரல் நலம் என்றது ஒன்று. வைரஸ் நான்கு நாள் தொண்டையிலேயே தங்கும், உப்பு நீரால் கொப்பளித்தால் போய்விடும் என்றது இன்னொன்று. கொப்பளிப்பதால் யாருக்கும் கேடில்லை. மூச்சை அடக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டு, ஆக்சிஜன் அளவு இறங்குவது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதில்தான் கேடு.

ஏன் பரவின

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் கூடுதல். 1,500 பேரை எட்ட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் இதே கதைதான். வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள்.

ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. வீட்டில் அடைந்து கிடந்தவர்களின் கையில் கைபேசி, எதிரே பெயர் புதிதான ஒரு நோய், அதைப் பற்றி நாளுக்கொன்று சொல்லும் அறிவியல். பொதுமக்கள் எல்லோரும் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று தொடக்கத்தில் சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன் 5 அன்று அறிவுரையை மாற்றியது. கோவிட் காற்றில் பரவாது என்று மார்ச் 28 அன்று திட்டவட்டமாக ட்வீட் செய்த அதே நிறுவனம், பின்னால் காற்றில் மிதக்கும் நுண்துகள் வழியான தொற்றை ஒப்புக்கொண்டது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது இயல்பே. ஆனால் திருத்தத்துக்கு இடம் வைக்காமல் பேசிவிட்டுப் பிறகு மாற்றினால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் ஆள் நம்ப மாட்டார். இந்தப் பழியில் ஒரு பங்கை அதிகாரபூர்வ வாய்களும் ஏற்கத்தான் வேண்டும்.

கோழிக்கறி விவகாரம் ஒரு சிறு கிளைக்கதை. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற செய்தியால் 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாமக்கல் உள்ளிட்ட பண்ணைப் பகுதிகளில் விலை சரிந்தது. பிப்ரவரி 28 அன்று ஐதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி தின்று காட்டினார்கள். அடுத்த வாரமே கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் உறுதியாகி, இரண்டு நோய்களும் பலர் மனதில் ஒன்றாகிப்போயின.

மருந்து என்று வந்தவை

உயிர்ச்சேதத்தில் ஈரானுக்கு ஈடில்லை. சாராயம் குடித்தால் வைரஸ் சாகும் என்ற வதந்தி அங்கே பரவியது. மது தடைசெய்யப்பட்ட நாடு. கிடைத்தது கள்ளச்சந்தைச் சரக்கு. தொழிற்சாலை மெத்தனால் அடையாளம் தெரிவதற்காக அங்கே அதில் நிறம் சேர்க்கிறார்கள். கள்ள வியாபாரிகள் ப்ளீச்சிங் திரவம் ஊற்றி அந்த நிறத்தைப் போக்கிவிட்டு விற்பதுண்டு. மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும்போது முதலில் அடிவாங்குவது கண் நரம்பு. 2020 ஆகஸ்டில் வெளியான ஓர் ஆய்வு, 87 நாடுகளில் 25 மொழிகளில் சுற்றிய 2,300க்கும் மேற்பட்ட கோவிட் வதந்திகளைத் தொகுத்தது; இந்த ஒரு வதந்தியின் கணக்காக அது தந்தது சுமார் 800 இறப்பு, 5,876 மருத்துவமனைச் சேர்க்கை, 60 பேருக்கு முழுப் பார்வையிழப்பு.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதை வேறு மாதிரி. அது படித்தவர்களிடம் தொடங்கியது. பிரான்ஸின் தீதியே ரவூல் குழு 2020 மார்ச்சில் வெளியிட்ட சிறிய ஆய்வை அமெரிக்க அதிபர் டிரம்ப் தூக்கிப் பிடித்தார். இந்தியாவில் மருத்துவ ஊழியர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள அதே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைத்தது. மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயனில்லை என்று ஜூன் மாதமே பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு காட்டிவிட்டது. ஆனாலும் வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் அதைப் பரிந்துரைத்த ஒரு வீடியோ, ஜூலையில் தளங்கள் நீக்குவதற்குள் கோடிக்கணக்கானோரை எட்டிவிட்டது. ரவூல் குழுவின் கட்டுரையை இதழ் விலக்கிக்கொண்டது 2024 டிசம்பரில்.

இலங்கையில் 2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த தம்மிக பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாகு ஒன்றைக் கொரோனாவுக்கு மருந்தென்றார்; காளியிடமிருந்து பெற்றதாகவும் சொன்னார். கூட்டம் கூடக் கூடாது என்றிருந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அவர் வீட்டு வாசலில் முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி எல்லோரும் பார்க்க அதைப் பருகினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது.

தமிழ்நாட்டில் இரண்டாம் அலையின்போது ஆவி பிடிப்பது பெரும் இயக்கமானது. குக்கரிலிருந்து குழாய் இழுத்து, வரிசையில் நின்று முகம் காட்டும் ஏற்பாடு பொது இடங்களுக்கே வந்துவிட்டது. இப்படிப் பொது இடத்தில் ஆவி பிடிப்பது தொற்றைப் பரப்பும் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் 2021 மே மாதம் சொல்ல வேண்டியிருந்தது. கபசுரக் குடிநீரை நோய் எதிர்ப்பாற்றலுக்கு என்றே அரசு வழங்கியது. குடித்தவர்கள் பலர் மருந்தென்றே குடித்தார்கள். ‘எதிர்ப்பாற்றல்’ என்ற சொல் அந்த இரண்டு ஆண்டுகளில் சுமந்த பாரம் கொஞ்சமல்ல.

தடுப்பூசியும் ஞாயிற்றுக்கிழமையும்

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டியும் கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை மரணம். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுதாக அடைத்திருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் மாரடைப்பு வந்த அன்றே விளக்கினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாலே ஒன்றால் ஒன்று நடந்தது என்று எண்ணும் மனதிடம் அந்த விளக்கம் செல்லவில்லை. தடுப்பூசியைக் குறைகூறிப் பேசி வழக்கில் சிக்கிய ஒரு நடிகருக்கு முன்ஜாமீன் கொடுத்த சென்னை உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது. மத்தியக் குழு ஆராய்ந்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அறிக்கை தந்தது அக்டோபரில். ஆறு மாதம் வதந்திக்குப் போதுமான அவகாசம்.

அதே அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு ஊரெங்கும் இருந்தது. மெகா தடுப்பூசி முகாம்கள் நடந்ததோ ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமைக் கறியை விட்டுவிட்டு முகாமுக்கு வரப் பலர் தயாராக இல்லை. தமிழக அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. வதந்தியோடு வாதாடாமல் அதைச் சுற்றிக்கொண்டு போன இந்த முடிவு, நூறு விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைவிடப் புத்திசாலித்தனமானது.

தளங்களும் சட்டமும்

பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அத்தகைய பகிர்வு 70 சதவீதம் குறைந்ததாகப் பிறகு அறிவித்தது. வைரஸ் மனிதரால் உருவாக்கப்பட்டது என்ற பதிவுகளை நீக்கிவந்த ஃபேஸ்புக், 2021 மே மாதம் அந்தத் தடையைக் கைவிட்டது. தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் ஒவ்வொரு ஃபார்வர்டாக எடுத்துப் பிரித்துக் காட்டின.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 54ஆம் பிரிவு, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. சட்டம் எல்லா நேரமும் வதந்தியின் மேல்தான் பாய்ந்தது என்று சொல்ல முடியாது. ரேஷன் முறைகேட்டையும் அரசு மருத்துவர்கள் உணவின்றித் தவித்ததையும் வெளியிட்ட கோவை இணையச் செய்தித் தளம் ஒன்றின் நிறுவனர் 2020 ஏப்ரலில் கைதானார். ஊஹான் மருத்துவரின் கதை அவ்வளவு தூரத்துக் கதையல்ல.

இறந்தவர் உடல்

புதைத்த உடலிலிருந்து வைரஸ் மண்ணுக்கும் நீருக்கும் கசிந்து ஊரைத் தொற்றும் என்பது தமிழ் பேசும் நிலங்களில் மிக ஆழமாகக் காயப்படுத்திய நம்பிக்கை. முன்னெச்சரிக்கையோடு புதைக்கலாம், எரிக்கலாம் என்று இந்தியச் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. ஏப்ரலில் சென்னையில் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூரில் எரிக்க விடவில்லை. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடல் கீழ்ப்பாக்கத்தில் தடுக்கப்பட்டு வேலங்காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கேயும் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாக ஆம்புலன்ஸைத் தாக்கியது. ஓட்டுநர்கள் காயமடைய, குடும்பத்தினர் உடலை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர் இருவரோடு நள்ளிரவில் திரும்பிவந்து, மண்ணைத் தள்ளிப் புதைத்தார். தொற்றால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

சென்னையில் கூட்டம் செய்ததை இலங்கையில் அரசே செய்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்று சொல்லி, கோவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11 அன்று வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வந்தது. புதைக்கலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் ஏற்கப்படவில்லை. அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் மறுப்பை மீறி எரிக்கப்பட்டன. டிசம்பரில் எரிக்கப்பட்ட, பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் அவற்றுள் ஒன்று. 2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. அடக்கத்துக்கு முதலில் இரணைதீவைக் காட்டினார்கள்; அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் முதல் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்குள் 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன. இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.