கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை: ஒரு சிறு வரலாறு



'லைபோசக்‌ஷன் செய்துகொள்ளலாமா சார்?' என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அதன் வரலாற்றைச் சொல்கிறேன்.

1920களில் பாரிஸில் துஜாரியே என்ற மருத்துவர் ஒரு நடனப் பெண்ணின் காலில் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். ரத்தக்குழாய் சேதமாகி, அந்தக் காலையே எடுக்க நேர்ந்தது. 1970களில் ரோமில் ஃபிஷரும் பாரிஸில் இல்லூஸும் குழாய் வைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் ரத்தம் நிறையப் போனது. 1985இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளைன், மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை முதலில் செலுத்தினார். ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது.

முறை திருந்தினாலும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பகற்றும் சிகிச்சைக்குப் போன 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை உயிரிழந்தார். பெற்றோரிடம் சொல்லாமலே போயிருந்தார் என்று செய்திகள் வந்தன.

இது உடல் எடை குறைக்கும் வைத்தியம் அல்ல. செய்துகொண்டால் சில வாரம் இறுக்க உடை அணிய வேண்டும். வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். காலில் ரத்தம் உறையாதிருக்க மெல்ல நடக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஏற்காடு மலையிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். ஆகவே முதல் சில நாள் கீழேயே தங்குங்கள். முக்கியமாக, வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.