ஊர்தி எரிபொருட்சிக்கனச் சட்டம்: மூலமும் விளக்கவுரையும்

இச்சட்டம் அமெரிக்க ஐக்கிய நாட்டு நாடாளுமன்றத்தார் இயற்ற, அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1975 டிசம்பர் 22ஆம் நாள் கையொப்பமிட வழங்கலாயிற்று. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தமையும், பெட்ரோல் நிலையந்தொறும் வண்டிகள் வரிசையில் காத்துக் கிடந்தமையும் இது பிறந்த காரணம். 2007இல் பெரிதும் திருத்தமுற்றது. அந்நாட்டுச் சட்டத்தொகுதியில் 49ஆம் தலைப்பின் 329ஆம் அதிகாரம் என்று இன்று சுட்டப்படும். அதனுள் வண்டியின் வடிவை ஆளும் வாசகங்கள் சிலவே ஈண்டுப் பொருள்வகையால் தமிழ்ப்படுத்தி உரைக்கப்படும். எல்லாம் உரைப்பின் விரியும்.

“ஆண்டுமாதிரி ஒவ்வொன்றும் தொடங்குதற்கு 18 திங்களேனும் முன்னர், அதில் ஆக்குவோர் எய்தக்கூடும் என்று அமைச்சர் துணியும் மிக உயர்ந்த சராசரி எரிபொருட்சிக்கன அளவை விதித்தல் வேண்டும்.”

ஆண்டுமாதிரி என்பது நாட்காட்டி ஆண்டு அன்று. வண்டிக்கு ஆக்குவோர் இடும் ஆண்டுப்பெயர். 2024ஆம் மாதிரி 2023இலேயே கடைக்கு வந்துவிட்டது. 18 திங்கள் என்று இடைவெளி வைத்தது, எஞ்சினும் கியர்பெட்டியும் நினைத்த மாத்திரத்தில் மாறாமையின். ‘ஏனும்’ என்றமையான் அதனினும் முன்னர் விதித்தலும் ஆம். அமைச்சர் என்றது போக்குவரத்துத்துறை அமைச்சரை. அவர்பொருட்டு இதனை நடத்துவது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்.

இனி, ‘ஆக்குவோர்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. வாங்குவோர் என்னாமையான், வாங்குவோன் யாதும் வாங்குக, சட்டம் அவனை ஒன்றும் வினவாது என்பது பெற்றாம். ‘சராசரி’ என்றமையான், தனி வண்டி ஒன்றன்மேல் இவ்விதி செல்லாது. ஒரு நிறுவனம் அம்மாதிரியில் ஆக்கி விற்பனைக்கு விடுத்த தொகுதி முழுவதன்மேலும் செல்லும். எனவே எரிபொருளை மிக உண்ணும் வண்டியும் ஆக்கலாம், அதன் குறையைப் பிற வண்டிகள் நிரப்புமாயின்.

அஃதேல், சராசரியாவது கூட்டி வகுத்ததோ எனின், அன்று. 1 கேலனுக்கு 20 மைல் ஓடும் வண்டி ஒன்றும் 40 மைல் ஓடும் வண்டி ஒன்றும் விற்றான் 30 எய்தினான் என்று கொள்ளற்க. ஒரு மைலுக்கு ஒவ்வொன்றும் உண்ட எரிபொருளைக் கண்டு, சராசரி எடுத்து, அதனைத் தலைகீழாக்கினால் வருவது 26.7. இசைச்சராசரி என்பது இதன் பெயர். 20 மைல் வண்டி ஒன்றுக்கு 40 மைல் வண்டி இரண்டு விற்றாலன்றி 30 வாராது. ஆகவே, பெருவண்டி விற்று ஊதியம் கொள்வான், ஒறுப்புப்பணம் இறுக்க விரும்பானாயின், சிறுவண்டியையும் விற்றே தீரவேண்டியவன் ஆனான். சிறுவண்டியின் விலை தளர்வதும், பெருவண்டியின் விலை ஏறுவதும் இவ்வழி நிகழும். வாங்குவோன் காண்பது விலைச்சீட்டு ஒன்றே. அதனுள் இச்சராசரி ஒளிந்து நிற்றல் அவன் அறியான்.

‘மிக உயர்ந்த’ என்பதும் ‘எய்தக்கூடும்’ என்பதும் தம்முள் எதிர் இழுப்பன. அவற்றின் நடுவே நிற்பது ‘துணியும்’ என்னும் சொல். பயணியர் ஊர்திக்கு நாடாளுமன்றம் தானே எண் குறித்தது: 1978ஆம் மாதிரிக்கு 18 மைல், 1985க்கு 27.5. பின்னர் ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் வேண்ட, 1986 முதல் 1988 வரை 26.0 ஆகத் தாழ்த்தப்பட்டு, 1990இல் பழைய 27.5க்கு மீண்டது. துணிதற்கு உரியார் ஆட்சிதோறும் மாறுவர் ஆகலின், துணிபும் மாறுதல் இயல்பே.

“பயணியர் ஊர்தியாவது, 10 பேருக்கு மிகாதாரை ஏற்றிச் செல்லுதற்கே முதன்மையாக ஆக்கப்பட்டது என்று அமைச்சர் துணிந்த ஊர்தி, சாலைக்குப் புறத்தே இயங்கவல்லதாய், அதற்கென நாற்சக்கர உந்து ஒழிந்த சிறப்புறுப்பு ஒன்று உடையதாய், நாற்சக்கர உந்து உடையதோ 6,000 பவுண்டின் மிக்கதோ ஆகியது அன்று.”

இவ்வதிகாரத்தின் உயிர்நிலை இதுவே. எண்ணை விதித்த வாசகத்தைப் பலரும் போற்றுவர். வண்டியின் உடலை வகுத்தது இவ்வரையறையே என்பது நுணுகி நோக்குவார்க்குப் புலனாம்.

‘முதன்மையாக’ என்றது, ஏனைப் பயன் சிறிது உண்டாயினும் அமையும் என்றற்கு. ‘வல்லதாய்’ என்றது ஆற்றலை, செயலை அன்று. உடையான் தன் வாழ்நாளில் ஒருமுறையும் மண்வழியில் இறங்கானாயினும், வண்டி இறங்கவல்லதாயின் அதுவே சாலும். ‘நாற்சக்கர உந்து ஒழிந்த’ என்று விலக்கிப் பின்னர் ‘நாற்சக்கர உந்து உடையதோ’ என்று தழுவியது முரணன்றோ எனின், அன்று; ஓர் உறுப்பே இருமுறை எண்ணப்பட்டு இரண்டு நிபந்தனையையும் நிரப்பிவிடாமைப் பொருட்டு அவ்வாறு ஓதினார் என்க. 6,000 பவுண்டு என்றது வெற்றுவண்டியின் எடையை அன்று; ஏற்றத்தகும் பாரமும் கூட்டிய முழுநிறையை.

சிறப்புறுப்பு யாது என நிர்வாகத்தின் விதி விரித்துக் கூறும். முன்சக்கரத்தின் முன்னே ஏறுகோணம் 28 பாகை, வயிற்றுக்கோணம் 14 பாகை, பின்னே இறங்குகோணம் 20 பாகை, தரைக்கு மேல் 20 செ.மீ. இடைவெளி, முன் பின் அச்சுகளுக்குக் கீழ் 18 செ.மீ. என்னும் ஐந்தனுள் நான்கேனும் குறையாது பொருந்துதல் வேண்டும். இவையும் மேற்கூறிய மற்றை நிபந்தனையும் பொருந்தியது பயணியர் ஊர்தி ஆகாது; வழக்கில் லைட் டிரக் எனப்படும். திறந்த பின்தட்டு உடையதும், இருக்கையை நீக்கியோ மடக்கியோ தளம் சமமாகச் சரக்கேற்ற இடந்தருவதும் (2012ஆம் மாதிரி முதல் மூன்று வரிசை இருக்கை உடையதாயின்) அவ்வினத்தவே.

இருவேறு இனம் ஆக்கியதன் பயன் என்னை எனின், இரண்டற்கும் எண் வேறு. பயணியர் ஊர்தி 27.5 மைலில் நிற்க, லைட் டிரக் 1996 முதல் 2004 வரை 20.7 மைலிலேயே நின்றது. ஒரே குடும்பம் ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் இரு வண்டிகளுள் ஒன்றற்கு ஏறத்தாழ 7 மைல் சலுகை. உழவரும் தச்சரும் தொழிலுக்குக் கொள்ளும் வண்டியை வருத்தாமை நாடியே இது வகுக்கப்பட்டது; நோக்கம் நன்று. ஆயின் வரையறை உழவரைச் சுட்டாது வண்டியின் உறுப்பைச் சுட்டிற்று ஆகலின், உறுப்பைப் பெற்றார் எல்லாரும் உள்ளே புகுந்தனர்.

நீண்ட ஸ்டேஷன் வேகன்கள் மறைந்தன. இருக்கை நீக்கத்தகும் மினிவேன் 1984ஆம் மாதிரியாக வந்து அவற்றின் இடத்தைக் கொண்டது. அது லைட் டிரக். 2001ஆம் மாதிரியில் கிரைஸ்லர் ஆக்கிய பி.டி. குரூசர் சிறுகாரின் மேற்கட்டப்பட்டதாயினும், தளம் சமமாக்கப்பட்டமையான் அதுவும் லைட் டிரக். 2005ஆம் மாதிரி சுபாரு அவுட்பேக்கோ தரையினின்று சற்றே உயர்த்தப்பட்டு அவ்வினம் அடைந்தது. வேகன் மட்டுமோ, செடானும் அடைந்தது என்பது வியக்கத்தக்கது. எரிபொருளை மிக உண்ணும் வண்டிமேல் 1978இல் இயற்றிய வரியும் பயணியர் ஊர்திக்கே உரித்து, பெரிய எஸ்.யு.வி.க்கு இல்லை.

இன்று டொயோட்டா ராவ்4இல் நாற்சக்கர உந்து உடையது லைட் டிரக். முன்சக்கர உந்து மட்டும் உடையது பயணியர் ஊர்தி. பெயர் ஒன்று, உடல் ஒன்று, இனம் இரண்டு. வாங்குவோன் பனிக்காலத்துக்கு ஆம் என்று கருதி நாற்சக்கர உந்து கேட்பன். விற்போன் அதனையே முன்வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்மை இவ்வாசகத்தால் அறிக. 1975இல் அந்நாட்டின் புதுவண்டிகளுள் ஐந்தில் நான்கு செடானும் வேகனுமாய் இருந்தன. இன்று அவை சிறுபான்மை. பெட்ரோல் விலைச்சரிவும், உயர்ந்த இருக்கையின் விருப்பும், டிரக்கினால் வரும் கொழுத்த ஊதியமும் இதற்குத் துணைக்காரணம். வரையறை வாயிலைத் திறந்தது, நடந்து புகுந்தவர் மக்களே.

8,500 பவுண்டுக்கு மேற்பட்டவை இவ்விதிக்கே அகப்படாதிருந்தன. ஹம்மர் எச்2 அவ்வெல்லையைக் கடந்தமையான் எண் ஏதும் இன்றி விற்கப்பட்டது. 2011ஆம் மாதிரி முதல் 10,000 பவுண்டு வரையுள்ள பெரும்பயணியர் வண்டிகளும் உட்படுத்தப்பட்டன.

“எரிபொருட்சிக்கனத்தோடு இயைந்த பண்பு ஒன்றோ பலவோ அடிப்படையாக, கணிதச்சார்பின் வடிவில் விதித்தல் வேண்டும்.”

இது 2007இன் திருத்தம். ‘பண்பு’ எனப் பொதுப்பட ஓதியதனை நிர்வாகம் தடப்பரப்பு எனக் கொண்டது. தடப்பரப்பாவது, முன் பின் அச்சுகளின் இடைத்தொலைவை இடவலச் சக்கரங்களின் இடைத்தொலைவால் பெருக்க வருவது; வண்டி தரையில் அடைக்கும் நாற்கட்டம். பரப்பு மிகமிக எண் தளரும். குறையக் குறைய இறுகும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் எடையை அடிப்படையாகக் கொண்டனர். ஈண்டு எடையைக் கொள்ளாதது, பாரத்தைக் கூட்டி எண்ணைத் தளர்த்திக்கொள்ளாமை வேண்டி. வண்டி சிறுத்து மோதலில் உயிர்ச்சேதம் மிகாமையும் பரப்பைக் கொண்டதற்கு ஒரு காரணம். பழைய விதியால் வண்டிகள் மெலிந்து 1993 ஓராண்டில் மட்டும் 1,300 முதல் 2,600 வரை கூடுதல் இறப்பு நேர்ந்திருக்கலாம் எனத் தேசிய ஆய்வுக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அக்கணக்கை அக்குழுவிலேயே சிலர் மறுத்தனர்.

குணம் இருந்தாங்கு குற்றமும் உண்டு. சக்கரங்களின் இடைத்தொலைவை மிகுத்து வைத்தாலே எண் தளரும் ஆகலின், சிறு பிக்கப் ஆக்குவோனுக்கு ஊக்கம் இல்லையாயிற்று. ஃபோர்டின் பழைய ரேஞ்சர் 2011 இறுதியில் அந்நாட்டில் நின்றது. 2019இல் மீண்டபோது உடல் பெருத்திருந்தது. விதி ஒன்றே அதற்குக் காரணம் என்பார் கூற்று மிகை. அவ்வண்டியின் அமைப்பு பழமைப்பட்டிருந்ததும் உண்டு.

“விதிக்குங்கால் தொழில்நுட்பம் இயலுதல், பொருளியலால் தாங்குதல், அரசின் பிற ஊர்திவிதிகள் சிக்கனத்தின்மேற் செய்யும் விளைவு, நாட்டின் ஆற்றற்சேமிப்புத் தேவை என்னும் நான்கனையும் கருதுக.”

நான்கும் எளியன. எது முதற்கண் நிற்கும் என ஓதாமையின், நீதிமன்றங்களில் வழக்கு ஓயவில்லை என்பது மட்டும் அறிந்தால் சாலும். மின்வண்டியின் சிக்கனத்தை மிக உயர்ந்த அளவு துணிதற்கண் கருதற்க என மற்றோரிடத்து விலக்கினமையும் ஈண்டுச் சேர்த்துணர்க. துணியும்போது கருதலாகாது, எய்தினரோ என்று கணக்கிடும்போது எண்ணலாம். அதனால் மின்வண்டி மட்டுமே விற்கும் டெஸ்லா, விதித்த அளவினும் தான் கூடுதலாக எய்திய மிகுதியை, அளவிற் குறைந்த பிறர்க்கு விற்றுப் பொருள் ஈட்டிற்று.

“விதித்த அளவினின்று குறைந்த பத்திலொரு மைலுக்கு 5 டாலராக, அத்தொகுதியின் வண்டிகளின் எண்ணால் பெருக்கி ஆக்குவோர் இறுப்பாராக.”

‘பத்திலொரு மைல்’ என நுணுக்கி ஓதியது, சிறு குறையும் விடாமைப் பொருட்டு. ஒரு மைல் குறைந்தான் வண்டிக்கு 50 டாலர் இறுத்தல் வேண்டியிருந்தது. பத்திலொரு மைலுக்குரிய அத்தொகை 1997இல் 5.50 டாலர் ஆகி, 2019ஆம் மாதிரிக்கு 14 டாலராக ஏறிற்று. ஐரோப்பிய உயர்விலை வண்டியார் சிலர் எஞ்சினைச் சிறுக்காது பணத்தையே இறுத்தனர். அவ்வண்டிகளின் விலைக்கு அப்பணம் சிறிது ஆகலின் அது வியப்பன்று.

2025 ஜூலை 4இல் கையொப்பமுற்ற சட்டம் இத்தொகையைச் சுழியம் ஆக்கிற்று. ஒறுப்பு இன்றேல் விதியும் இன்றோ எனின், அன்று. எண் நூலில் நிற்கும், அளத்தலும் அறிக்கை தருதலும் நிற்கும், நீங்கியது பொருட்சுமை. அதனோடு, பிறரிடம் மிகுதியை விலைகொடுத்து வாங்கும் தேவையும் அற்றது. பயணியர் ஊர்தி இது, அல்லாதது இது என்று பிரித்த வாசகத்தை அச்சட்டம் தீண்டவில்லை.