ஆவியாகா எச்சச் சோதனைக் கரைப்பான்கள்

விண்கலத்தின் ஆடி, வில்லை, வெப்பம் கழிக்கும் தகடு ஆகியவற்றில் படிந்த எண்ணெயையும் சிலிக்கோனையும் கழுவியெடுத்து நிறுப்பதற்கான திரவங்கள். அறை வெப்பநிலையில் பறந்துபோகாமல் தங்கும் இப்படிவே ஆவியாகா எச்சம். தூய்மை மட்டம் ‘ஏ’ என்றால் 0.1 சதுர மீற்றரில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. சீராகப் பரப்பினால் ஏறக்குறைய 10 நனோமீற்றர் தடிப்பு. ஆனாலும் புறஊதாக் கதிர் பட்டு அது கருத்துவிட்டால், மேலே போய்த் துடைக்க ஆளில்லை.

சோதனை கேட்பதற்கு எளிது. கலம் பூட்டப்படும் துப்புரவு அறையில் துருவேறா உருக்குத் தகடொன்றை வைத்திருந்து, பிறகு கரைப்பானால் கழுவி, கழுவிய திரவத்தை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். கலத்தையே துணியால் துடைத்தெடுப்பதும் உண்டு. சிக்கல் முழுவதும் கரைப்பானில்தான். எண்ணெய், சிலிக்கோன் இரண்டையும் அது கரைக்கவேண்டும். தன் பங்குக்கு எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. வர்ணப் பூச்சை அரிக்கக்கூடாது. துடைக்கும் துணியிலுள்ள பசையை இழுத்துவந்து கணக்கைக் கெடுக்கவும் கூடாது.

குளோரீன் சேர்ந்த திரவங்கள் இதற்கு நன்றாகப் பொருந்தின. 1,1,1-முக்குளோரோஎதேன் 75 வீதமும் எதனோல் 25 வீதமும் கலந்த கலவை நாசாவில் நெடுங்காலம் புழங்கியது. முக்குளோரோஎதேன் ஓசோனைக் கெடுப்பது. 1987இன் மொன்றியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 1996இல் அதன் உற்பத்தி நின்றது.

அடுத்து நாடப்பட்டது மெதிலீன் குளோரைட்டு. 40 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால் எச்சத்தைச் சூடாக்கி இழக்க வேண்டியதில்லை. இலங்கையின் றக்வானைத் தேயிலைக் கொழுந்தோடு பழகியவர்கள் இதை வேறு வழியில் கேள்விப்பட்டிருக்கலாம்: தேயிலையிலிருந்து கஃபீனைப் பிரிக்கவும் இது உதவும். அப்படிப் பிரித்த தேயிலையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை தங்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. குடிப்பவருக்கு அது அற்பம். நாள் முழுதும் அதன் ஆவியை முகரும் ஆய்வுகூடத் தொழிலாளியின் நிலை வேறு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2014இல் இதை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியவற்றின் ‘2ஏ’ பிரிவில் வைத்தது.

மாற்றாக எதைல் அசற்றேற்றும் சைக்கிளோஎக்சேனும் கலந்த கலவை ஏற்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், எதைல் அசற்றேற்றும் கஃபீன் நீக்கப் பயன்படுவதுதான். கலவையில் எதைல் அசற்றேற்று முனைவுள்ள மாசுகளைப் பிடிக்கும், சைக்கிளோஎக்சேன் எண்ணெய்களை. ஆனால் பாதுகாப்பு என்பது இங்கே ஒப்பீட்டளவில்தான். மெதிலீன் குளோரைட்டு எளிதில் தீப்பற்றாது. எதைல் அசற்றேற்றின் தீப்பற்று நிலையோ –4 பாகை, சைக்கிளோஎக்சேனுடையது –20 பாகை. இரண்டின் ஆவியும் சிறு பொறிக்கே எரியும். கொதிநிலையும் கூடுதலானதால் ஆவியாக்க நேரம் பிடிக்கும், அதற்குள் எச்சத்தின் இலேசான பகுதியும் நழுவக்கூடும். அமெரிக்கா 2024இல் மெதிலீன் குளோரைட்டின் பெரும்பாலான பயன்களைத் தடைசெய்தபோதும், ஆய்வுகூடப் பயன் உள்ளிட்ட சிலவற்றுக்குக் கடும் நிபந்தனைகளுடன் இடம் விட்டது.