‘செட்டில்’ என்னும் வினைச்சொல்

‘செட்டில்’ என்னும் ஆங்கில வினைக்குக் கணக்குத் தீர்த்தல், வழக்கு முடித்தல், ஓரிடத்தில் நிலையாகக் குடியமர்தல் என மூன்று பொருள்கள் உண்டு. முன்னிரண்டும் முடிவு, மூன்றாவதோ தொடக்கம். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில் இவை எவ்வாறு வழங்கின என்று நோக்குவோம்.

முதலில் கணக்கு. கடனைச் செலுத்தினால் தொழிலாளியை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’. புதிய தோட்டம் பணம் கொடுக்கும், கணக்குத் தீரும். கடனோ தீராது, தொழிலாளியோடு தோட்டம் மாறும். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது.

அடுத்து வழக்கு. 1947இல் பதுளைத் தொகுதியும் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரைத் தந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் விருப்பத்தைக் கேட்டு எழுந்த உடன்பாடுகள் அல்ல அவை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003இன் சட்டமே குடியுரிமை வழங்கியது.

மூன்றாம் பொருள் என்னாயிற்று? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கு வாழ்ந்தோர்க்கு அம்மண் ஒருநாளும் சொந்தமாயிருந்ததில்லை.

கணக்கையும் வழக்கையும் பிறர் தீர்த்தனர். உழைத்தவர்க்குத் தாம் வாழும் நிலம் உரிமையாகும் நாளிலேயே அச்சொல் நம் மலைகளில் முழுப்பொருள் பெறும்.