ஆண்டர்சன் துரையும் இரண்டு பையன்களும்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஜப்பான் தம்பி குடியிருக்கிறார். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற நம் பையன்களுக்கு ஒரகடம் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் அந்த மொழியைச் சொல்லிக் கொடுக்கிறார். நானும் வாத்தியாராக இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை ‘சென்செய்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவர்கள் பாஷையில் ஆசிரியர் என்று அர்த்தமாம். நல்ல மனிதர். போன கிருத்திகைக்கு நம் வல்லக்கோட்டை முருகன் கோயில் கூட்டத்தில் புதுச் செருப்பைத் தொலைத்துவிட்டு, வெறுங்காலோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

அவர் ஒரு நாள் அரைகுறைத் தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒரு சந்தேகம் கேட்டார். ஷேர் ஆட்டோவில் ஏறி ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால், டிரைவர் ‘ஊரா, காலனியா?’ என்று திருப்பிக் கேட்கிறார், இரண்டும் ஒரே ஊர்தானே சென்செய், ஏன் இரண்டு பெயர்?

“காலனின்னா கவர்ன்மென்ட் கட்டிக் கொடுத்த வீடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுக் காபியை நீட்டினேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலுமில்லை. முப்பத்தைந்து வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவன் சொல்கிற பதிலா இது என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது ஆண்டர்சன் துரை ஞாபகம் வந்தது.

காஞ்சிபுரம் ஆண்டர்சன் பள்ளிக்கூடம் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். நானும் அங்கே படித்தவன்தான். எத்தனையோ நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அது யார் பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1837 ஏப்ரல் 3 அன்று சென்னை அரண்மனைக்காரத் தெருவில், 59 பையன்களோடு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தாம்பரத்தில் இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரிக்கு மூலம் அதுதான். இரண்டு வருடத்தில் காஞ்சிபுரத்திலும் ஒரு கிளை வைத்தார்.

சம்பவம் நடந்தது 1838ல். பள்ளிக்கூடம் அப்போதுதான் கால் ஊன்றியிருந்தது. படித்தவர்களில் பெரும்பாலோர் மேல்சாதிப் பையன்கள். பறையர் குலத்துப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து படிப்பது தெரியவந்ததும் பெற்றோர்கள் கொதித்தார்கள். அந்த இருவரை வெளியே அனுப்புங்கள், முடியாவிட்டால் தனி பெஞ்சிலாவது உட்கார வையுங்கள் என்றார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் மறுத்துவிட்டார். மற்ற பையன்கள் கூட்டமாக விலகிப் போனார்கள். அவரும் இறங்கி வரவில்லை, பள்ளியும் மூடவில்லை.

தனி பெஞ்ச் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்றோர்கள் அதை ஒரு சமாதானமாகத்தான் சொல்லியிருப்பார்கள். படிப்பும் நிற்காது, சாதியும் கெடாது. நம்மைப் போன்ற உள்ளூர் வாத்தியாராக இருந்தால் ‘சரி, இப்போதைக்கு அப்படி வைப்போம்’ என்று தலையாட்டியிருப்போம். அந்த ‘இப்போதைக்கு’ நூறு வருடம் ஓடியிருக்கும்.

ஆண்டர்சனைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. அவர் வந்த நோக்கம் மதம் மாற்றுவது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. 1841ல் அவருடைய மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது பட்டணமே கலங்கியது, பள்ளிக்கூடம் மறுபடி காலியானது. பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டுப் பறிகொடுத்த தகப்பனின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1838ல் வந்த கோபம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

வெளிநாட்டு வாத்தியார்கள் எல்லோரும் அவரைப் போலக் கறாராக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போன அமெரிக்கப் பாதிரிமார் 1823ல் வட்டுக்கோட்டையில் புகழ்பெற்ற செமினரியை ஆரம்பித்தவர்கள். அவர்களுடைய விடுதிப் பள்ளிகளில் மிஷன் வளவுக்குள் சாப்பிடப் பிள்ளைகள் முதலில் மறுத்ததால், வளவுக்கு வெளியே சமையல் ஏற்பாடு செய்து கொடுத்து விட்டுப் பிடித்தார்கள். அந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்தான் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை. 1857ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். விட்டுக் கொடுத்ததால் கிடைத்த பலன் என்று இதைச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு முழுச் சம்மதமில்லை. சமையலறை வெளியே இருந்தவரை யார் உள்ளே வரவில்லை என்றும் கேட்க வேண்டுமல்லவா?

நம்மவர்கள் கையில் அடிவாங்கிப் பாடம் கற்ற வெள்ளைக்கார வாத்தியார்களும் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் கல்லூரியில் ஹாக் என்று ஒரு தத்துவப் பேராசிரியர், 1903ல் வந்தவர். இந்து தர்மத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று பாதிரிமார்கள் பேசிவந்த காலம். அதற்குப் பதில் சொல்வது போல ஒரு மாணவர் 1908ல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றியே ஆய்வுரை எழுதினார். ஹாக் அதை மனமாரப் பாராட்டிச் சான்று கொடுத்தார். மாணவர் பெயர் ராதாகிருஷ்ணன். ஆசிரியர் தினத்தன்று நாம் மாலை போடுகிறோமே, அவர்தான்.

மறுபடி பெஞ்சுக்கு வருகிறேன். 1975ல் எனக்கு முதல் வேலை. எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. வராந்தாவில் ஒரு தண்ணீர்ப் பானை. அதன் மூடிமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். கொஞ்சம் தள்ளித் தூணில் கம்பியில் தொங்கும் ஒரு அலுமினிய டம்ளர். எது யாருக்கு என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் அலுமினிய டம்ளரைக் காணோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கபடி ஆடிவிட்டு வந்தவன், எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டான். பானையை உடைத்தார்கள். அவனை வெயிலில் முட்டி போட வைத்தார்கள். என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். எனக்குத் தகுதிகாண் பருவம் முடியவில்லை, அக்கா கல்யாணம் நிற்கிறது. திரும்பிக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். அன்றைய பாடம் அசோகர். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர், சேரி, காலனி, பானை, டம்ளர். ‘காலனி’ என்ற சொல்லை அரசாங்கப் பதிவுகளிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2025ல் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்ததையும் சொன்னேன். ஆட்டோக்காரர் வாயிலிருந்து எப்போது எடுப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் நாட்டுக் கதையைச் சொன்னார். அங்கே தோல் பதனிடுகிறவர்கள், மாடு அறுக்கிறவர்கள் வம்சத்தைத் தனிக் குடியிருப்பில் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். புராக்கு என்று பெயர். 1871லேயே எல்லோரும் சமம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டாயிற்று. ஆனாலும் அந்தக் குடியிருப்புகளின் பெயர்களை மட்டும் தொகுத்து ஒரு ரகசியப் புத்தகம் போட்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கு விற்றிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே போதும், ஆளை ஒதுக்கிவிடலாம். அது அம்பலமானது எந்த வருடம் என்று கேட்டேன்.

“1975, சென்செய்” என்றார்.

காபி ஆறிப் போயிருந்தது. தன் நோட்டை எடுத்து, ‘சேரி’ என்று எப்படி எழுதுவது, சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். முட்டி போட்ட அந்தப் பையனின் பெயரையும் கேட்டார். பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதையும் எழுதிக் கொடுத்தேன்.